கீரனூர்த் தோப்பில் ஸ்காட்லாந்துத் திருவிழா

நவம்பர் 29, காலை ஆறு மணி

எழும்பூர் ரயில் நிலையத்தில் என்னையும் என்னோடு வந்தவளையும் எல்லோரும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள்! நான் ஐந்தடிக்குச் சற்று மேல். ஃபியோனா ஆறடிக்குச் சற்றுக் கீழ். செம்பட்டை முடி, முகமெல்லாம் புள்ளி, தோளில் ஒரு நீளமான கறுப்புப் பெட்டி. பாதுகாப்புச் சோதனையில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ஒரு பையும் அதில் செருகிய நாலைந்து குழல்களும் இருந்தன.

"என்னம்மா இது, கொல்லன் துருத்தி மாதிரி?" என்றார் காவலர்.

"வாசிக்கிறதுங்க. அவங்க ஊரு நாதஸ்வரம்னு வச்சுக்குங்களேன்" என்றேன்.

"இங்க வாசிச்சுடாதீங்க. கூட்டம் கூடிடும்" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

நான் ஏன் ஒரு ஸ்காட்லாந்துப் பெண்ணை மேய்த்துக்கொண்டு திண்டுக்கல் ரயிலில் ஏறினேன் என்று சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில், காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒரு கம்பெனியில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. பக்கத்து நாற்காலியில் இருந்தவள் பூங்கொடி. பழனிக்குப் பக்கத்தில் கீரனூர்க்காரி. அந்தக் கம்பெனிக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்த எஞ்சினியர் டங்கன். இருவரும் காதலித்து, கொரோனா காலத்தில் பழனியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். காற்றாலைகள் கீரனூர்ப் பக்கம்தான் வரிசைகட்டி நிற்கின்றன என்பதால் டங்கன் மாமனார் ஊருக்கே குடிபோய்விட்டான்.

நவம்பர் 30 ஸ்காட்லாந்துக்காரர்களுக்குப் பெரிய நாள். அவர்களின் காவல் புனிதரான அந்திரேயாவின் திருநாள். எந்த நாட்டில் இருந்தாலும் அன்றைக்குக் கட்டம்போட்ட பாவாடை கட்டி, அந்தப் பெட்டியில் இருந்தது மாதிரிப் பைப் ஊதி, ஆடிப் பாடிச் சாப்பிடுவார்களாம். போன இரண்டு வருஷமும் டங்கன் வீட்டுக்குள்ளேயே நாலு நண்பர்களோடு கொண்டாடினான். இந்த வருஷம் பூங்கொடியின் தாய்மாமன் நாட்ராயன், "மாப்பிள்ளை ஊரு நோம்பி நம்மூரு நோம்பிதான்" என்று ஊரையே சேர்த்துவிட்டார். டங்கனின் அக்கா ஃபியோனாவும் கிளம்பி வந்துவிட்டாள். "அக்கா, என் நாத்தனாரு சென்னையில எறங்குறாங்க. நீங்களே கூட்டிட்டு வந்துருங்க" என்றாள் பூங்கொடி போனில். சரி என்றேன். பூங்கொடியைப் பார்த்து நாளாயிற்று என்பது ஒரு காரணம். திண்டுக்கல்லில் பிரியாணி கிடைக்கும் என்பது இன்னொரு காரணம். எது பெரியது என்று யாரும் கேட்காதவரை நல்லது.

காலை பத்து மணி

விழுப்புரம் தாண்டும் வரை தூங்கிய ஃபியோனா, திருச்சி நெருங்கும்போது பேச ஆரம்பித்தாள். ஆங்கிலம்தான், ஆனால் மூன்று தடவை கேட்டால்தான் எனக்கு ஒரு தடவை புரியும். அவள் மடியில் ஒரு துணிமூட்டை இருந்தது. பிரித்துக் காட்டினாள். பச்சையும் நீலமுமாகக் கட்டங்கள், நடுவில் மெல்லிய மஞ்சள் கோடு. கம்பளித் துணி. எட்டு கஜமாம்! எங்கள் பக்கத்து வீட்டு மாமியின் மடிசாருக்கு ஒரு கஜம்தான் குறைச்சல். கையில் வாங்கிப் பார்த்தேன், போர்வைக் கனம் இருந்தது.

"அப்பாவுடைய கில்ட்" என்றாள். அந்தக் கட்டம்போட்ட பாவாடைக்கு அதுதான் பெயர்.

அவர்களுடையது கடலோரத்தில் ஒரு சின்ன மீன்பிடி ஊர். அப்பா படகு ரிப்பேர் செய்பவர். அந்திரேயா திருநாளன்று ஊரார் எல்லோரும் துறைமுகம்வரை ஊர்வலம் போவார்கள். முன்னால் நடப்பவர் அப்பா. இந்த ஜூலையில் இறந்துபோனார். அந்த வாரம் டங்கன் டெங்கு காய்ச்சலில் பழனி ஆஸ்பத்திரியில் கிடந்தான். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, அப்பாவின் அடக்கத்தைப் போனில்தான் பார்த்திருக்கிறான்.

"இந்த வருஷம் எங்கள் ஊரில் அப்பா இடத்தில் வேறு யாராவது நடப்பார்கள். அதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. டங்கன் இதைக் கட்டிக்கொண்டு ஒரு பத்தடி நடந்தால் போதும், எந்த ஊராக இருந்தாலும் சரி. ஆனால் அப்பா பேச்சை எடுத்தாலே அவன் ஜோக் அடிக்கிறான். கில்ட் கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அங்கே வெயில் அதிகம் என்கிறான்."

ஆண்பிள்ளைகள் எல்லா நாட்டிலும் ஒரே அச்சுதான் போலிருக்கிறது. எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. திருச்சியில் ரயில் நின்றதும் இரண்டு காபி வாங்கினேன்.

பகல் பன்னிரண்டு மணி, திண்டுக்கல்

மலைக்கோட்டை கண்ணில் பட்டதுமே எனக்குப் பசி எடுத்துவிட்டது. நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் ஒருவர் நூற்றைம்பது கேட்டார். நான் நூறு என்றேன். "பொட்டி எம்புட்டு நீளம்னு பாருங்கக்கா" என்று பைப் பெட்டியைக் காட்டி நியாயம் பேசினார். நூற்றிருபதில் முடிந்தது.

"செத்த நேரம் இருங்க, வண்டியத் திருப்பிக்கிறேன். ஏக்கா, இம்புட்டு உசரமா இருக்காகளே, எந்த ஊருக்காரவுக?"

"ஸ்காட்லாந்து. கீரனூர்ல தம்பி இருக்காரு, அவரைப் பார்க்க வந்திருக்காங்க."

"கீரனூர்லயா?" என்று வண்டியை நிறுத்தாமலே திரும்பிப் பார்த்தார். "அப்ப நம்ம பக்கத்து ஆளுதான்."

அவர் இறக்கிவிட்ட கடையில் பிரியாணி இருநூற்று ஐம்பது ரூபாய். பொடிப்பொடியாகச் சீரகச் சம்பா, மிளகுக் காரம், எலும்பிலிருந்து தானே கழன்று வரும் கறி. அதற்கு மேல் வர்ணித்தால் படிப்பவர்களின் வயிற்றெரிச்சல் என்னைச் சும்மா விடாது. ஃபியோனா மூக்கைச் சிந்திக்கொண்டே இலையைக் காலி செய்தாள். கடையில் பாதி மேசைகள் காலி. காரணம் கேட்டேன்.

"கார்த்திகை மாசம்ல. பாதிச் சனம் மாலை போட்டுருச்சு. தை முடியிற வரைக்கும் யாவாரம் இப்பிடித்தான்" என்றார் கல்லாவில் இருந்தவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்திரேயா திருநாளின் தலைப் பதார்த்தம் ஹேகிஸ். ஆட்டுக் குடல், ஈரல், நுரையீரல் எல்லாவற்றையும் ஓட்ஸோடு சேர்த்து ஆட்டின் இரைப்பைக்குள் அடைத்து அவிப்பது. அதைப் பைப் ஊதி ஊர்வலமாகக் கொண்டுவந்து, கத்தியால் கீறித் திறப்பார்கள் என்று ஃபியோனா ரயிலில் சொல்லியிருந்தாள். கார்த்திகை மாதத்தில், பழனி மலை தெரியும் ஊரில், அது நடக்கிற காரியமா? பூங்கொடிக்குப் போன் போட்டேன்.

"அத ஏங்க்கா கேக்குறீங்க! நாட்ராயன் மாமாவே மாலை போட்டிருக்காரு. தோப்புக்குள்ள கறி நாத்தமே வரக் கூடாதுன்னுட்டாரு. எல்லாம் காய்கறி ஹேகிஸ்தான். அப்பா காய் வாங்க ஒட்டன்சத்திரம் வந்திருக்காரு, அங்க போயி அவரு வண்டியில ஏறிக்குங்க."

விஷயத்தைச் சொன்னதும் ஃபியோனா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் ஊரிலும் சிலர் காய்கறி ஹேகிஸ் சாப்பிடுவதுண்டாம். அப்பா மட்டும் அதைச் சாப்பாட்டில் சேர்க்கமாட்டாராம்.

மாலை நான்கு மணி, ஒட்டன்சத்திரம்

திண்டுக்கல்லிலிருந்து பஸ்ஸில் ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய், முக்கால் மணி நேரம். ஐப்பசி மழை நன்றாகப் பெய்திருந்தது. இரண்டு பக்கமும் மக்காச்சோளமும் முருங்கையும் வெங்காயப் பாத்திகளும் பச்சைப்பசேல் என்று இருந்தன. இடதுகைப் பக்கம் கொடைக்கானல் மலை மேகத்துக்குள் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தது. ஃபியோனா ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவே இல்லை.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் நிற்க இடம் கிடைப்பது கஷ்டம். முருங்கைக்காய்க் கட்டுகள் ஆள் உயரத்துக்குக் கிடந்தன. கேரளாவுக்குப் போகும் லாரிகள் பின்பக்கத்தைக் காட்டிக்கொண்டு நின்றன. தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்தார். பூங்கொடியின் அப்பா வேலுச்சாமி. அறுபது தாண்டியவர். தென்னை விவசாயி.

"வாங்கம்மணி, வாங்க. பிரயாணமெல்லாம் சௌகரியந்தானுங்களா?" என்று என்னிடம் கேட்டவர், ஃபியோனாவைப் பார்த்துக் கைகூப்பினார். கூப்பிய கையை இறக்கவே இல்லை. பிறகு என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில், "சம்பந்தி வூட்டுல இருந்து மொதமொதல்ல ஒரு ஆளு வருதுங்க. கலியாணத்துக்குக்கூட யாரும் வர முடியல பாருங்க" என்றார்.

நூல்கோல், கேரட், உருளைக்கிழங்கு என்று வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஹேகிஸோடு மசித்துவைக்கும் டர்னிப் கிடைக்காத இடத்தில் நூல்கோலாவது கிடைத்ததே என்று ஃபியோனாவுக்குச் சந்தோஷம். அவள் இரண்டு கையிலும் நூல்கோலை எடுத்துப் போட்டோ பிடித்துக்கொள்ளப் போனபோது, வேலுச்சாமி மறுபடி என் பக்கம் வந்தார்.

"அம்மணி, அதுகிட்ட அவங்க அப்பாவப் பத்தி நாலு வார்த்தை கேட்டா தப்பா நெனச்சுக்குமுங்களா?"

"கேளுங்களேன். அவளே பேசணும்னுதான் இருக்கா."

"நமக்கு இங்கிலீசு வராதே. மாப்பிள்ளைகிட்டக் கேட்டா ஒண்ணும் வேண்டாங்க மாமா, யாருகிட்டயும் சொல்ல வேண்டாம்னுட்டாரு. அவங்க ஊரு மொறை அப்பிடி போலன்னு நானும் விட்டுட்டேன். மச்சினன் நாட்ராயனுக்குக்கூடத் தெரியாதுங்க. ஆனா மனசு கேக்கல பாருங்க. பொண்ணு குடுத்த எடம், ஒரு துக்கம்னு போயி நிக்கல. ஒரு மொறையும் செய்யல."

நான் ஃபியோனாவைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் முன்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பழனி தாண்டி, தாராபுரம் சாலையில் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அவர் கேட்கக் கேட்க நான் ஆங்கிலத்தில் சொல்ல, ஃபியோனா அப்பாவைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள். கோபக்காரராம், நல்ல பாட்டுக்காரராம், மரத்தைத் தட்டிப் பார்த்தே படகு எத்தனை வருஷம் தாங்கும் என்று சொல்லிவிடுவாராம். "எங்கப்பனாட்டவே" என்று தன் அப்பாவோடு ஒப்பிட்டுத் தலையாட்டினார் வேலுச்சாமி ஒவ்வொன்றுக்கும்.

மாலை ஆறு மணி, கீரனூர்

காற்றாலைகள் தெரிய ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் வீடு வந்துவிட்டது. தோப்பு வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். மேல் மூலையில் வேலும் மயிலும், கீழே கோட்டு சூட்டில் டங்கன், முகநூலிலிருந்து எடுத்த ஃபியோனா, நடுவில் அவர்கள் இருவரையும்விடப் பெரிதாகக் கைகூப்பியபடி நாட்ராயன். "ஸ்காட்லாந்துத் திருவிழாவிற்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக என வரவேற்கிறோம்." நாட்ராயன் தேர்தலில் நிற்கப் போகிறாரோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"வாங்கக்கா, சாப்டீங்களா?" என்று தமிழில் கேட்டபடி வந்தான் டங்கன். அக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிச் சுற்றினான். ஃபியோனா அந்தத் துணிமூட்டையை நீட்டினாள். அது என்னவென்று அவனுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று பிரிக்காமலே பீரோ மேல் வைத்துவிட்டு, என்னிடம் ரயில் எத்தனை மணிக்கு வந்தது என்று கேட்க ஆரம்பித்தான். பூங்கொடியும் ஃபியோனாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நவம்பர் 30, காலை

ஏழு மணிக்கே மைக் செட் தொண்டையைச் சரிசெய்துகொண்டது. தோப்பில் பந்தல். ஒரு பக்கம் இழுபறிப் போட்டிக்கு வடம். இன்னொரு பக்கம், தூக்கி எறியும் போட்டிக்காகச் சீவி வைத்த தென்னந்தண்டு. ஸ்காட்லாந்தில் பைன் மரத்தைத்தான் இப்படி நட்டுக்குத்தலாகத் தூக்கிப்போய்த் தலைகீழாக விழும்படி எறிவார்களாம். கோயம்புத்தூரிலிருந்து டங்கனின் கம்பெனி நண்பர்கள் நாலு பேர் கில்ட் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். அவர்களைச் சுற்றி ஒரு கூட்டம்.

"ஏனுங்க, இத மடிச்சுக் கட்ட முடியாதுங்களா?" என்று ஒருவர் கவலையோடு கேட்டார்.

"ஏற்கெனவே மடிச்சுக் கட்டுன ஒசரந்தானேப்பா இருக்குது" என்றார் இன்னொருவர்.

சமையல்காரர்கள் தினையும் பயறும் காயும் மிளகும் கலந்து, வெள்ளைத் துணியில் உருண்டையாகக் கட்டி, இட்லிக் கொப்பரையில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். அசல் ஹேகிஸ் எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்ட தலைமைச் சமையல்காரர், "நம்ம குடல்கறிதானுங்களே, அதுக்கெதுக்கு இம்புட்டு மேளதாளம்?" என்றார்.

ஒன்பது மணி இருக்கும். ஃபியோனா பந்தலுக்கு நடுவில் ஒரு மேசை போட்டு, அதில் சட்டம்போட்ட போட்டோ ஒன்றை வைத்தாள். கில்ட் கட்டிய கிழவர், தோளில் பைப், பின்னால் கடல். கறுப்பு வேட்டி, துளசி மாலையோடு நாட்ராயன் வந்தார். நல்ல மனுஷர், வாய் ஓயாமல் வேலை ஏவிக்கொண்டிருந்தவர். போட்டோவைப் பார்த்து நின்றார்.

"இது யாரு கண்ணு?" என்று பூங்கொடியிடம் கேட்டார்.

"அவரோட அப்பாங்க மாமா."

"வரலீங்களா அவரு?"

பூங்கொடி தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "ஆடி மாசம் தவறிட்டாருங்க மாமா."

நாட்ராயன் கையை உயர்த்தினார். "மைக்க நிறுத்துப்பா."

பாட்டு பாதியில் நின்றது. தப்பட்டையைத் தீயில் காய்ச்சிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தகப்பன் போயி வருசம் திரும்பல, வூட்டுல கொட்டுமேளமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணுமில்ல கண்ணு? ஊரக் கூட்டிக் கொண்டாந்து நிறுத்தியிருக்கறேன். நாளைக்கு உனக்கொண்ணு, பொறக்கற புள்ளைக்கொண்ணுன்னா ஊரு என்னையத்தானே கேக்கும்?" அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். வேலுச்சாமி பக்கம் திரும்பி, "மச்சான், உங்களுக்குமா தெரியாது?" என்றார்.

வேலுச்சாமி தலையைக் குனிந்துகொண்டார். வந்த பெண்களில் சிலர், உட்காருவதா எழுந்திருப்பதா என்று தெரியாமல் புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு நின்றார்கள்.

ஃபியோனா என் கையைப் பிடித்தாள். "நான் என்ன தப்புச் செய்தேன்? போட்டோ வைத்தது தப்பா?"

தப்பில்லை என்றேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை கிடையாது, பொங்கல்கூட வைக்கமாட்டார்கள் என்று விளக்கினேன். அவள் நம்ப முடியாமல் பார்த்தாள். "எங்கள் அப்பாவை அடக்கம் செய்த அன்றைக்கே பைப் வாசித்து ஆடினோமே. வாசிக்காமல் இருந்தால்தான் அவருக்கு அவமானம்." இரண்டு பேர் சொல்வதும் அவரவர்க்குச் சரி. நடுவில் நின்ற நான்தான் யாருக்கும் பிரயோஜனமில்லாமல் விழித்தேன்.

டங்கன் சிரித்தான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை. "பரவால்லீங்க மாமா. எல்லாரும் சாப்ட்டுட்டுப் போகட்டும், விளையாட்டு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, குனிந்து இழுபறி வடத்தைச் சுருட்ட ஆரம்பித்தான். அத்தனை பெரிய வடத்தை ஒருத்தனாகவே சுருட்டினான். அந்தக் கில்ட் இனி பீரோ மேலேயே கிடக்க வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

அப்போது வேலுச்சாமி வீட்டுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் தாம்பாளத்தோடு வந்தார். அதில் புது வேட்டி, சரிகைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு, சந்தனம், வெற்றிலை பாக்கு. பின்னாலேயே அவர் மனைவி சரஸ்வதி ஒரு சின்னாளபட்டிச் சேலையோடு வந்தார்.

"ஆவணியிலயே வாங்கி வச்சுட்டனுங்க" என்றார் வேலுச்சாமி, யாரையும் பார்க்காமல். "மாப்பிள்ளை வேண்டாம்னாரு. கட்டாயப்படுத்தப்படாதுன்னு இருந்துட்டேன். தப்பு எம்மேலதான். உருமாலு கட்டிருந்தா இன்னைக்கு இந்தப் பேச்சு வந்திருக்காது."

தகப்பன் போன பிள்ளைக்குப் பெண் கொடுத்த வீட்டார் தலையில் புதுத்துண்டு கட்டுவதைத்தான் உருமால் கட்டு என்கிறார்கள். துக்கம் போதும், இனி எல்லோரையும் போல நல்லது கெட்டதில் கலந்துகொள் என்று பொருள். கருமாதியோடு நடக்க வேண்டியது. நாலு மாதம் தள்ளிப்போயிருக்கிறது.

நாட்ராயன் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார். "நாளு தாண்டுனா என்ன, மொறை மொறைதான். கட்டுங்க மச்சான். நான் மாலை போட்டிருக்கறேன், செத்தத் தள்ளி நிக்கறேன்."

பூங்கொடி டங்கனிடம் போய் ஆங்கிலத்தில் மெதுவாக விளக்கினாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அவன் சுருட்டிய வடத்தைக் கீழே போட்டான். மாமனாரைப் பார்த்தான்.

"எங்க உக்காரணுங்க மாமா?" என்றான்.

கிழக்குப் பார்த்து மணை போட்டார்கள். டங்கன் கட்டியிருந்த வேட்டி மேல் புது வேட்டியைச் சுற்றி, நெற்றியில் சந்தனம் வைத்தார் வேலுச்சாமி. துண்டை எடுத்து அவன் தலையில் ஒரு சுற்று சுற்றினார். உட்கார்ந்தும் டங்கன் உயரம்தான். அவர் எட்டித்தான் கட்ட வேண்டியிருந்தது. இரண்டாவது சுற்றில் டங்கனின் தோள் குலுங்கியது. மூன்றாவது சுற்றுக்குள் அவன் மாமனார் இடுப்பைக் கட்டிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம்போட்டு அழுதான். நாலு மாதத்து அழுகை. யாரும் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. வேலுச்சாமி முடிச்சை விடாமல் கட்டி முடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் தன் கண்ணைத் துடைத்தார். சரஸ்வதி ஃபியோனாவின் தோளில் கோடிச் சேலையைப் போட்டார். அவள் அதைப் போர்த்திக்கொண்டு அந்த அம்மாளின் தலைமேல் தன் கன்னத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன். எனக்கு அங்கே ஒரு உறவும் இல்லை, இருந்தாலும் அழுதேன்.

கொஞ்ச நேரம் கழித்து டங்கன் எழுந்தான். மூக்கை உறிஞ்சியபடி, "ஃபியோனா, அப்பாவுடைய கில்ட் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். பீரோ மேல் வைத்தவனே அவன்தான்! ஃபியோனா ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

"மைக்கப் போடுப்பா!" என்றார் நாட்ராயன்.

பகல்

ஊர்வலம் தோப்பிலிருந்து பிள்ளையார் கோயில் தெருவரை போய்த் திரும்பியது. முன்னால் டங்கன்: தலையில் சரிகைக் கரை உருமால், இடுப்பில் அப்பாவின் பச்சை நீலக் கட்டம், வியர்வை ஆறாக ஓடுகிறது. பக்கத்தில் ஃபியோனா பைப் ஊதினாள். முதலில் அந்தச் சத்தம் கேட்டுத் தெருநாய்கள் எல்லாம் ஊளையிட்டன. தப்பட்டைக்காரர்கள் கொஞ்சதூரம் கேட்டுக்கொண்டே வந்து, பிறகு அவர்களாகவே அதற்கு அடி போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். வாசலுக்கு வாசல் பெண்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தி ஆரத்தி எடுத்துவிட்டாள். ஃபியோனா பத்தடி போதும் என்றுதான் ரயிலில் கேட்டாள். கோயிலில் திரும்பும்போது பார்த்தேன், குழலை வாயிலிருந்து எடுக்காமலே அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் வந்தாள்.

ஹேகிஸை வாழையிலை விரித்த தாம்பாளத்தில் தூக்கிவந்து, ஃபியோனா கத்தியால் கீறினாள். ஆவி பறந்தது. ருசி? மிளகு காப்பாற்றியது. அவள் அப்பா இதைச் சாப்பாட்டில் சேர்த்திருக்க மாட்டார்தான். நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். தென்னந்தண்டு எறிதலில் கோயம்புத்தூர்க்காரர்கள் ஜெயித்தார்கள். இழுபறியில் கில்ட் கட்சியை வேட்டிக் கட்சி மண்ணைக் கவ்வ வைத்தது. தோற்ற கட்சிக்கு மோர் கொடுத்து, ஜெயித்த கட்சிக்கு நாட்ராயன் மைக்கில் ஒரு நீண்ட உரை கொடுத்தார். தோற்றதே மேல்.

டிசம்பர் 1, காலை

திண்டுக்கல்லில் மத்தியான ரயில். ஃபியோனா இன்னும் மூன்று வாரம் இருக்கப் போகிறாள். பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு என் அம்மா நினைவு வந்தது. அம்மா போய் ஐந்து வருஷம். அம்பத்தூர் அடுக்குமாடியில் இரண்டு நாள் கூட்டம், அப்புறம் போனில் விசாரிப்பு, பதினாறாம் நாள் அரைநாள் லீவில் எல்லாம் முடிந்தது. அடுத்த நாள் ஆபீஸ். குறை சொல்லவில்லை, அவரவர்க்கு வேலை இருக்கிறது. ஆனால் இத்தனை வருஷத்தில், போதும், இனி நீ சிரிக்கலாம் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை என்பது கீரனூர் வீட்டில் பெட்டிக்கு ஜிப் போடும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கூடத்தில் எல்லோரும் காலைச் சாப்பாட்டில் இருந்தார்கள். துக்க வீட்டுக்குப் போனால் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்று அம்மா பழக்கியிருக்கிறாள். முந்தின நாள் உருமால் கட்டிய வீடு இது. அந்தப் பழக்கத்தில் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சத்தமில்லாமல் வாசல்வரை வந்துவிட்டேன். வேலுச்சாமி கையை உதறிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

"ஏனுங்கம்மணி, சொல்லிக்காமப் போறீங்க?"

"இல்லீங்க... துக்க வீடு, சொல்லிட்டுப் போகக் கூடாதேன்னு..."

"அது நேத்தோட முடிஞ்சு போச்சுங்க" என்றார். "துக்கம் தீர்ந்த வூடு இது. வாய் நெறயச் சொல்லிட்டுப் போங்க."

நான் பெட்டியைக் கீழே வைத்தேன். கூடத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, அம்மா போனதிலிருந்து எந்த வாசலிலும் சொல்லாத அளவுக்குச் சத்தமாக, "போயிட்டு வரேன்" என்றேன்.

"போயிட்டு வாங்கக்கா" என்று உள்ளேயிருந்து டங்கனும் பூங்கொடியும் கத்தினார்கள்.